உலகக் கோப்பை முடிந்துவிட்டது, இனி எந்த கிளப்?

கால்பந்து உலகக் கோப்பை முடிந்த மறு வாரமே யாராவது ஒருவர் வந்து கேட்டுவிடுவார்: "கிளப் மேட்ச்சும் பாக்கலாம்னு இருக்கேன், எந்த டீமைப் பிடிக்கலாம்?" முன்பெல்லாம் ஆர்வக்கோளாறில் நான் ஒரு பட்டியலே போட்டுக் கொடுப்பேன். பாஸ் பாஸாகக் கோர்த்து ஆடுவது பிடிக்குமா, இந்த டீம். முட்டி மோதி ஓடுவது பிடிக்குமா, அந்த டீம். கோப்பை மட்டும் வந்தால் போதுமா, அதற்கும் ஒன்று. பட்டியலைப் பார்த்து எடுத்தவர்களில் ஒருவர்கூட இரண்டாவது சீசனைத் தாண்டவில்லை. அதனால் இப்போது பட்டியல் கிடையாது. மற்றவர்கள் எப்படி மாட்டினார்கள், நீங்களும் மாட்ட வேண்டுமென்றால் எங்கே போய் நிற்கலாம், அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் மாட்டிய கதை. நான் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப்புக்கு ரசிகன், ஆனது ஒரு தப்பால். 2005-ல் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் செல்சீ என்கிற லண்டன் கிளப்பின் ரசிகர்கள். இருக்காதா பின்னே, கோச் மொரீனியோவின் டீம் அந்த சீசனில் 38 மேட்ச்சில் வெறும் 15 கோல் வாங்கி, 95 பாயின்ட்டோடு லீக்கை அள்ளிக்கொண்டு போயிருந்தது. எனக்கும் ஒரு செல்சீ ஜெர்சி வேண்டும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன், பெயர் சொன்னால் அவருக்குப் புரியாது என்று "நீல கலர்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவரும் நீலமாக ஒன்றை வாங்கி வந்தார். நெஞ்சில் செல்சீயின் சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் கோபுரம் இருந்தது, ஓட்டுக் கூரை போட்ட தண்ணீர்த் தொட்டி மாதிரி. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போய் நான் வாங்கிய சிரிப்பை இங்கே எழுதப்போவதில்லை.

வீம்புக்குத்தான் அது என்ன கோபுரம் என்று தேடினேன். லிவர்பூல் நகரத்தில் எவர்ட்டன் என்கிற பகுதியில் இருக்கும் பழைய லாக்கப் அது. குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்கிறவர்களை அந்தக் காலத்தில் ராத்திரி முழுக்க அடைத்து வைத்த இடம். அதன் கீழே லத்தீனில் ஒரு வாசகம், மிகச் சிறந்ததைத் தவிர வேறெதுவும் போதாது என்று. லாக்கப்புக்குக் கீழே இப்படி ஒரு வீராப்பா என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த இடத்திலேயே பாதி விழுந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. எவர்ட்டன் கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது 1995-ல், அதாவது அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது. அதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தப்பான ஜெர்சிக்கு நான் மட்டும் பலி இல்லை, ஒரு கிளப்பே பலியாகியிருக்கிறது. இத்தாலியின் ஜுவென்டஸ் ஆரம்பத்தில் ரோஸ் கலரில்தான் ஆடியது. துவைத்துத் துவைத்து அது வெளிறிப்போக, 1903-ல் இங்கிலாந்திலிருந்து வேறு சட்டைகளை வரவழைத்தார்கள். வந்ததோ நாட்ஸ் கவுன்ட்டி அணியின் கறுப்பு வெள்ளைப் பட்டை. அதையே மாட்டிக்கொண்டு இன்றுவரை ஆடுகிறார்கள். 2011-ல் புது மைதானம் திறந்தபோது முதல் மேட்ச்சுக்கு அழைத்ததும் அதே நாட்ஸ் கவுன்ட்டியைத்தான்.

ஆக, காரணம் சின்னதாக இருக்கிறதே என்று வெட்கப்படாதீர்கள். பத்து ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஏழெட்டுப் பேருடைய காரணம் சின்னதாகத்தான் இருக்கும். அண்ணன் அந்த டீம், அதனால் நானும். அண்ணன் அந்த டீம், அதனாலேயே நான் எதிர் டீம் (இது முதல் வகையைவிடப் பலமானது). என் நண்பன் ஒருவன் இரண்டு வருடமாக வீடியோ கேமில் 'மெர்சிசைட் ரெட்' என்கிற டீமை வைத்தே ஆடிக்கொண்டிருந்தான். லைசென்ஸ் கிடைக்காததால் ப்ரோ எவல்யூஷன் சாக்கரில் லிவர்பூலுக்கு வைத்திருந்த பெயர் அது. ஒருநாள் டிவியில் சிவப்புச் சட்டையில் ஜெரார்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "டேய், இது என் டீம்டா" என்று கத்தினானே, அந்த நிமிடம் வரை லிவர்பூல் என்கிற பெயரே அவன் மனதில் இல்லை.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது.

பாதி சீசன் வரைக்கும் எந்த டீம் பெயரையும் வெளியே சொல்லாதீர்கள். பெரிய ஐரோப்பிய லீக்குகள் ஆகஸ்ட்டில் தொடங்கி மே வரை ஓடும், அதனால் டிசம்பர் வரை வாயைத் திறக்க வேண்டாம். வாயை விட்டுவிட்டால் அப்புறம் அதைக் காப்பாற்றுவதற்காகவே பார்க்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு லீக்கையும் மேய்ந்தால் ஹைலைட்ஸ்தான் பார்ப்பீர்கள், ஹைலைட்ஸ் பார்த்து யாரும் ரசிகரானதில்லை. அதில் கோல் இருக்கும், கோலுக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எழுபது நிமிடம் இருக்காது.

முதல் நான்கு இடங்களில் இருக்கும் டீம்களின் மேட்ச்சை மட்டும் பார்க்காமல், மாதத்துக்கு ஒன்றாவது அடிமட்டத்தில் இருப்பவர்களின் மேட்ச்சாகப் பாருங்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 டீம், கடைசி மூன்று டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஏப்ரலில் பதினேழாவது இடத்தில் இருக்கும் டீமின் ஒரு கார்னர் கிக்குக்கு இருக்கும் பதற்றம் பல ஃபைனல்களில் கிடையாது.

ஆட்டக்காரரைப் பார்த்து கிளப்புக்கு வரலாமா? தாராளமாக வரலாம், நிறையப் பேர் வந்த வாசல் அதுதான். ஆனால் அவர் போவார் என்று தெரிந்தே வாருங்கள். மெஸ்ஸியே 2021-ல் கண்ணீரோடு பார்சிலோனாவை விட்டுப் போனார். அன்றைக்குப் பல பார்சிலோனா ரசிகர்கள் தாங்கள் மெஸ்ஸி ரசிகர்கள்தான் என்று கண்டுபிடித்தார்கள், அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. எதிர்ப்பக்க உதாரணம் இத்தாலியின் நப்போலி. மரடோனா 1984-ல் வந்தார், 1987-லும் 1990-லும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், 1991-ல் போய்விட்டார். 2004-ல் கிளப் திவாலாகி மூன்றாம் டிவிஷனில் போய் விழுந்தது. அடுத்த பட்டம் 2023-ல்தான், 33 வருடம் கழித்து. அவரைப் பார்க்க வந்து, அவர் போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கொண்டாட்டத்தில் நரைத்த தலைகளைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஜெர்சி வாங்கினால் முதுகில் பெயர் போடாமல் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பாதி சீசனில் இரண்டு மூன்று டீம் மனதில் தங்கியிருக்கும். இப்போது அவை எப்படிப் பிறந்தன, யார் கையில் இருக்கின்றன என்று படியுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்கி விழுவார்கள், நல்ல அர்த்தத்தில். லிவர்பூல் கிளப் பிறந்ததே எவர்ட்டனின் வாடகைத் தகராறில்தான். 1892-ல் மைதானத்துச் சொந்தக்காரரோடு ஒத்துப்போகாமல் எவர்ட்டன் ஆன்ஃபீல்டு மைதானத்தைக் காலி செய்துவிட்டுப் போக, காலி மைதானத்தை வைத்துக்கொண்டு அவர் புதிதாகத் தொடங்கிய டீம் அது. (இதை லிவர்பூல் ரசிகர்களிடம் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். அவர்கள் பதிலுக்குக் கோப்பைகளை எண்ணிக் காட்டுவார்கள்.) இன்டர் மிலான் 1908-ல் பிரிந்து வந்தது, ஏசி மிலான் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்று நின்றதால். ஸ்பெயினில் பில்பாவோ நகரத்தின் அத்லெட்டிக் கிளப் இன்றைக்கும் பாஸ்க் பகுதியைச் சேர்ந்தவர்களையோ அங்கே பயிற்சி பெற்று வளர்ந்தவர்களையோ வைத்துத்தான் ஆடுகிறது, ஆனாலும் முதல் டிவிஷனை விட்டு ஒருமுறைகூட இறங்கியதில்லை.

ரசிகர்களே தாங்கிப் பிடித்த கிளப்புகள் தனி வகை. பெர்லினின் யூனியன் கிளப்புக்குப் பணமில்லாமல் போனபோது 2004-ல் ரசிகர்கள் ரத்ததானம் செய்து கிடைத்த காசைக் கொடுத்தார்கள். 2008-ல் மைதானத்தைப் புதுப்பிக்க 2,000-க்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். 2019-ல் அந்த டீம் முதல்முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவுக்கு வந்தது. லண்டனின் விம்பிள்டன் கிளப்பின் கதை இன்னும் சூடு. கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002-ல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் போய்த் தொலை என்று விட்டுவிட்டு, பொதுத் திடலில் ஆள் தேர்வு வைத்து ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தங்களுக்கே ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலேறி 2011-ல் ஃபுட்பால் லீக்குக்குள், அதாவது பிரீமியர் லீக்குக்கு அடுத்த மூன்று டிவிஷன்களுக்குள், வந்தார்கள். முதலாளி யார் என்பது உங்களுக்கு உறுத்தும் விஷயம் என்றால் இதை இப்போதே பார்த்துவிடுங்கள், பத்து வருடம் கழித்து முழிக்க வேண்டாம். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டுரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்ற பல இடங்களில் ஒரு நாட்டு அரசின் நிதியே வந்து கிளப்பை வாங்கிவிடலாம்.

ஜெயிக்கிற டீமைப் பிடித்தால் கேவலமா என்று கூச்சத்தோடு கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஆனால் ஒரு விஷயம். 1976-ல் சியால்டினி என்கிற உளவியலாளரும் அவரது குழுவும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கவனித்தார்கள், அது அமெரிக்கன் ஃபுட்பால், இருக்கட்டும். கல்லூரி டீம் ஜெயித்தால் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் அதிகமாகத் தெரிந்தன. மேட்ச்சைப் பற்றிக் கேட்டால், ஜெயித்த மேட்ச்சுக்கு 'நாங்கள்' என்று பேசுவதும், தோற்ற மேட்ச்சுக்கு 'அவர்கள்' என்று நழுவுவதும் அதிகமாக இருந்தது. நீங்களும் உங்கள் வாயைக் கவனியுங்கள். தோற்ற அன்றைக்கு "நாம தோத்துட்டோம்" என்று தானாக வருகிறதா, அல்லது "அவனுங்க சொதப்பிட்டானுங்க" என்று வருகிறதா? முதலாவது வரும் டீம் எதுவோ அதுதான் உங்களுடையது. மற்றதெல்லாம் பார்க்கப் பிடித்த டீம்.

இங்கிலாந்தின் லெஸ்டர் 2016-ல் லீக் பட்டம் வென்றபோது, சீசன் தொடக்கத்தில் 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய டீம் ஆயிற்றே, உலகம் முழுக்க லெஸ்டர் ரசிகர்கள் முளைத்தார்கள். 2023-ல் அதே டீம் கீழே இறங்கியபோது அதில் பாதிப் பேரைத் தேட வேண்டியிருந்தது. மறுபக்கம், 2012-ல் பணச் சிக்கலில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் நான்காம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது, அங்கே அவர்கள் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் லீக் மேட்ச்சுக்கே 49,000-க்கும் மேல் கூட்டம்.

எனக்கு அந்தச் சோதனை 2022 மே 19 ராத்திரி. எவர்ட்டன் தோற்றால், கீழே இறங்குவதா இல்லையா என்பது கடைசி நாள் வரை இழுக்கும். கிரிஸ்டல் பேலஸோடு ஹாஃப் டைமில் 0-2. நான் டிவியை அணைத்தேன். விளக்கையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன், அப்புறம் எடுத்தேன், ஸ்கோரைப் பார்க்காமல் திரும்ப வைத்தேன். 54-வது நிமிடம் எங்கள் கீன் ஒன்று போட்டிருக்கிறார் என்று போன் அதிர்ந்ததும் எழுந்து போய்ச் சத்தமில்லாமல் டிவியைப் போட்டேன். 75-ல் ரிச்சார்லிசன். 85-வது நிமிடம் ஒரு ஃப்ரீ கிக், கால்வெர்ட்-லூயின் கிடைமட்டமாகப் பாய்ந்து தலையால் முட்டினார், 3-2. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு கத்தினேன். கோப்பை இல்லை, பதக்கம் இல்லை, கீழே விழவில்லை, அவ்வளவுதான். அதற்கே மூச்சு வாங்கியது.

அப்படி ஒரு ராத்திரி உங்களுக்கு வரும்வரை அவசரப்படாதீர்கள். வந்துவிட்டால், அப்புறம் மாற்ற முடியாது. உள்ளூர்க் கிளப் ஒன்று, தூரத்துக் கிளப் ஒன்று என்று வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே லீக்கில் இரண்டு வைத்துக்கொண்டால்தான் சிக்கல், அவர்கள் மோதும் நாளில் "யார் ஜெயிச்சாலும் சந்தோஷம்" என்பீர்கள், அந்த இடத்திலேயே குட்டு உடைந்துவிடும்.

அந்தப் பழைய ஜெர்சி கழுத்துப் பட்டி நைந்து, இப்போது அண்ணன் மகனிடம் இருக்கிறது. போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, "சித்தப்பா, இது செல்சீதானே?" என்றான். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.