டிஸ்ட்ரிக்ட் எல்லாம் மாவட்டம் அல்ல: பிலிப்பைன்ஸ் மாகாணங்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"காமரினெஸ் சூர் மாகாணம் ஐந்து மாவட்டங்களைக் கொண்டது." பார்வைக்குச் சாதுவான இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் போதும், அடுத்து எழுதுவதெல்லாம் தடம் மாறிவிடும். நமக்கு மாவட்டம் என்றால் ஆட்சியர் உண்டு, அவருக்கு அலுவலகம் உண்டு, கருவூலம் உண்டு. பிலிப்பைன்ஸில் அந்த ஐந்துக்கும் இவற்றில் எதுவுமே கிடையாது. அவை நாட்டின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு ஆளுக்கொரு உறுப்பினரை அனுப்பும் தொகுதிகள். ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ரிக்ட்' என்று இருப்பதைப் பார்த்ததும் கை தானாக 'மாவட்டம்' என்று எழுதிவிடுகிறது. 'தொகுதி' என்று எழுதினால் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

இதே குழப்பம் மற்றச் சொற்களிலும் உண்டு. இலங்கையில் மாகாணங்கள் ஒன்பதுதான், பிலிப்பைன்ஸில் 82. ஆகவே அங்கே மாகாணம் என்பது பரப்பளவில் நம் மாவட்டத்துக்குத்தான் கிட்டத்தட்ட ஒத்துவரும். அதன் ஆளுநரை யாரும் நியமிப்பதில்லை. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் மூன்று ஆண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆளுநர் என்றால் நியமனப் பதவி என்பதால், முதல்முறை குறிப்பிடும்போதே 'தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்' என்று எழுதிவிடுவது நல்லது. முனிசிபாலிட்டியை 'நகராட்சி' என்று பெயர்ப்பதும் சிக்கல்தான். அங்கே நகரம் ஆகாத நிலம் முழுவதும், வயலும் மலையும் கடற்கரையும் சேர்த்து, ஏதோ ஒரு முனிசிபாலிட்டிக்குள் அடங்கும். முனிசிபாலிட்டிக்கும் நகரத்துக்கும் கீழே இருப்பது பரங்காய். காய்கறி அல்ல, ஆட்சியின் கடைசிப் படி: தலைவர் ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஏழு பேர், இளைஞர் மன்றத் தலைவர் ஒருவர்.

இரண்டு வரைபடங்களை ஒன்றாக்குவது

மாகாணம், நகரம் அல்லது முனிசிபாலிட்டி, பரங்காய் என்பது ஆட்சி வரைபடம். தொகுதிகள் வாக்கு வரைபடம். இரண்டும் ஒரே நிலத்தின் மீது கிடப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்க்க நாகா நகரத்தை விடச் சிறந்த இடம் இல்லை.

நாகா, காமரினெஸ் சூரின் நடுவே இருக்கும் நகரம். மாகாணத்தின் மூன்றாம் தொகுதியில் அதுவும் ஒரு பகுதி. ஆனால் நாகாவின் வாக்காளர் ஆளுநருக்கு வாக்களிக்க முடியாது. துணை ஆளுநருக்கும் மாகாண மன்றத்துக்கும்கூட முடியாது. காரணம், நாகா ஒரு 'தன்னுரிமை பெற்ற உட்கூறு நகரம்'. இந்த வகையில் நாட்டில் ஐந்து நகரங்கள்தான் எண்ணப்படுகின்றன: நாகா, டகுபன், ஓர்மோக், சாந்தியாகோ, கோட்டபாட்டோ.

மே 2025 தேர்தலின் வாக்குச்சீட்டைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும். நாகாவின் வாக்காளர் 12 செனட்டர், கட்சிப் பட்டியலில் ஒரு கட்சி, மூன்றாம் தொகுதிப் பிரதிநிதி, மேயர், துணை மேயர், நகர மன்ற உறுப்பினர்கள் ஆகியோரைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்து ஊரான பிலியின் வாக்காளரும் அதே தொகுதிப் பிரதிநிதிக்குத்தான் வாக்களித்தார். ஆனால் அவர் சீட்டில் ஆளுநரும், துணை ஆளுநரும், மாகாண மன்ற உறுப்பினர்களும் கூடுதலாக இருந்தார்கள். பிலி முனிசிபாலிட்டியின் மன்றத்துக்கு எட்டுப் பேர்.

வாக்களிக்கும் உரிமையோடு போட்டியிடும் உரிமையும் போய்விடுகிறது. ஓர்மோக் நகரவாசி லெய்தே மாகாண ஆளுநர் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அதனால் "நாகாவின் செல்வாக்குள்ள தலைவர் அடுத்து ஆளுநர் பதவிக்குப் போட்டியிடலாம்" என்ற வகை ஊகத்தை எழுதும் முன் அவர் எங்கே வாக்காளராகப் பதிந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். முன்னாள் துணை அதிபர் லெனி ரொப்ரேதோ 2013 முதல் 2016 வரை மூன்றாம் தொகுதியின் பிரதிநிதி, 2025-ல் நாகா மேயர். இந்த இரண்டு பதவிகளுக்கும் நாகா வாக்காளர் போதும்; ஆளுநர் பதவிக்குப் போதாது.

இன்னொரு சிறு வழுக்கல்: நாகா பெரிய ஊர் என்பதால் அதுவே தலைநகர் என்று எழுதிவிடுவது. மாகாணத் தலைநகர் 1955 முதல் பிலி.

சிபூ மாகாணத்தில் இது தலைகீழ். மாகாண ஆட்சிமன்றக் கட்டடம் நிற்பது சிபூ நகரத்துக்குள். ஆனால் சிபூ நகரமும் மண்டாவேயும் லாபுலாபுவும் 'உயர் நகரமயமான நகரங்கள்'. மாகாணத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. கட்டடத்துக்கு எதிர்வீட்டில் இருப்பவருக்கும் ஆளுநர் தேர்தலில் வாக்கு இல்லை. இந்தத் தகுதி பெற ஒரு நகரத்துக்குக் குறைந்தது 2,00,000 மக்கள்தொகையும், 1991-ன் விலை மதிப்பில் 5 கோடி பெசோ ஆண்டு வருமானமும் வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கிலும் இது வந்து இடறும். 2020 கணக்கெடுப்பில் சிபூ மாகாணத்துக்குத் தரப்படும் 33,25,385 என்ற எண்ணில் அந்த மூன்று நகரங்களும் இல்லை. காமரினெஸ் சூரின் 20,68,244-ல் நாகாவின் 2,09,170 பேரும் இருக்கிறார்கள். உயர் நகரமயமான நகரங்களைத் தனியே காட்டுவதும், நாகா போன்றவற்றை மாகாணத்தோடு சேர்ப்பதும் புள்ளியியல் துறையின் வழக்கம். ஆகவே 20 லட்சத்தை ஆளுநரின் வாக்காளர் பரப்பாக எடுத்து எதையும் வகுக்காதீர்கள்.

தொகுதி எண்ணை ஊரின் பெயர்போல நிலையானதாக எண்ணுவது

அதிகம் பேர் விழும் குழி இது. காமரினெஸ் சூருக்கு நான்கு தொகுதிகள்தான் இருந்தன. 2009 அக்டோபரில் கையெழுத்தான குடியரசுச் சட்டம் 9716 அதை ஐந்தாக்கியது. பழைய முதல் தொகுதியை உடைத்து, பழைய இரண்டாம் தொகுதியிலிருந்து கைன்சா, மிலாவோர் என்ற இரண்டு ஊர்களை எடுத்துச் சேர்த்துப் புதிய இரண்டாம் தொகுதியை உண்டாக்கினார்கள். அதனால் பழைய இரண்டாவது மூன்றாவது ஆனது, பழைய மூன்றாவது நான்காவது ஆனது, பழைய நான்காவது ஐந்தாவது ஆனது. 2010 மே தேர்தல் புதிய எண்களில் நடந்தது.

இது தெரியாமல் பழைய ஆவணத்தைப் படித்தால் என்ன ஆகும்? லூயிஸ் வில்யாஃபுவெர்தே 2004 முதல் 2010 வரை இரண்டாம் தொகுதியின் பிரதிநிதி, 2010 முதல் 2013 வரை மூன்றாம் தொகுதியின் பிரதிநிதி என்று பட்டியலில் இருக்கும். தொகுதி மாறி வென்றார் என்று எழுதத் தோன்றும். அவர் மாறவில்லை, எண்தான் மாறியது.

நீதிமன்றமும் இப்படித்தான் பார்த்தது. பழைய இரண்டாம் தொகுதியிலிருந்து இரண்டு முறையும் புதிய மூன்றாம் தொகுதியிலிருந்து ஒரு முறையும் மாகாண மன்றத்துக்கு வென்ற ஒருவர், 2013-ல் நான்காம் முறையாகப் போட்டியிட்டார். தொடர்ச்சியாக மூன்று முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக் கூடாது என்பது விதி. தொகுதி புதிது என்பதால் எண்ணிக்கையும் புதிதாகத் தொடங்கும் என்பது அவர் வாதம். வேட்பாளரின் பெயரால் 'நாவல் வழக்கு' எனப்படும் இதில் 2014-ல் தீர்ப்பு வந்தது: பத்து ஊரில் இரண்டு போய் எட்டு அப்படியே இருக்கும்போது அது புதுத் தொகுதி அல்ல, பெயர் மாறிய பழைய தொகுதி. வேட்புமனு செல்லவில்லை. பதவிக்கால வரம்பைக் கணக்கிடும்போது எண்ணைப் பார்க்காமல் ஊர்ப்பட்டியலைப் பாருங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இரண்டரை லட்சம் கணக்கு

"2,50,000 பேர் இருந்தால்தான் ஒரு தொகுதி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. 1987 அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, குறைந்தது 2,50,000 மக்கள்தொகை உள்ள ஒவ்வொரு நகரத்துக்கும், ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தபட்சம் ஒரு பிரதிநிதி என்கிறது. அந்த எண் நகரத்துக்கு மட்டுமா, மாகாணத்துக்குள் பிரிக்கும் ஒவ்வொரு தொகுதிக்குமா?

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனதும் காமரினெஸ் சூரால்தான். புதிய முதல் தொகுதியில் 1,76,383 பேர்தான் இருந்தார்கள். அப்போது செனட்டராக இருந்த மூன்றாம் பெனிக்னோ அக்கினோவும் நாகா மேயராக இருந்த ஜெஸ்ஸி ரொப்ரேதோவும் வழக்குத் தொடுத்தார்கள். 2010 ஏப்ரல் 7-ல் வந்த தீர்ப்பில் தோற்றார்கள். அந்தக் குறைந்தபட்ச எண் நகரங்களுக்கானது, மாகாணத்துக்குக் கூடுதல் தொகுதி தரும்போது கட்டாயம் அல்ல என்றது நீதிமன்றம். (அடுத்த மாதமே நடந்த தேர்தலில் வென்று அக்கினோ நாட்டின் அதிபராகவும், பிறகு ரொப்ரேதோ உள்ளாட்சித் துறைச் செயலராகவும் ஆனார்கள்; வழக்கில் தோற்றது அரசியலில் அவர்களைப் பாதிக்கவில்லை.)

நகரம் என்றால் அதே விதி கறாராக நிற்கும். புலகான் மாகாணத்தின் மலோலோஸ் நகரத்துக்குத் தனித் தொகுதி தந்த சட்டத்தை அதே 2010-ல் நீதிமன்றம் செல்லாது என்றது. 2007 கணக்கெடுப்பில் அங்கே 2,23,069 பேர்தான். எதிர்கால மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுபடவில்லை. நாகாவுக்குத் தனித் தொகுதி இல்லாமல் போனதும் இதனால்தான், 2020 கணக்கெடுப்பின்படி இன்னும் 40,000-க்கு மேல் ஆள் வேண்டும்.

ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் பிறகு மூன்றாண்டுக்குள் நாடு முழுவதும் தொகுதிகளை மறுசீரமைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடந்ததே இல்லை. 1987-ல் வகுத்த 200 தொகுதிகளின் மீது, ஒரு மாகாணத்துக்கு ஒரு சட்டம், ஒரு நகரத்துக்கு ஒரு சட்டம் என்று ஒட்டுப்போட்டே வந்திருக்கிறார்கள். எனவே 'கடைசி மறுசீரமைப்பு ஆண்டு' என்று நாட்டுக்கு ஒரே ஆண்டைத் தேடாதீர்கள், அந்தந்த மாகாணத்தின் சட்டத்தைத் தேடுங்கள்.

பொதுவாக்கெடுப்பு எப்போது?

தொகுதியைப் பிரிக்கப் பொதுவாக்கெடுப்பு வேண்டாம். காகயான் டி ஓரோ நகர வழக்கில் 2008-ல் இது முடிவானது. மாகாணத்தைப் பிரிக்கக் கட்டாயம் வேண்டும், அதுவும் பிரிந்து போகும் பகுதியோடு தாய் மாகாணமும் சேர்ந்து வாக்களிக்க வேண்டும். பலாவான் மாகாணத்தை மூன்றாக்கும் சட்டம் இயற்றிய பிறகும், 2021 மார்ச் 13-ல் மக்கள் வேண்டாம் என்று வாக்களித்ததால் பலாவான் இன்றும் ஒன்றுதான். அந்த வாக்கெடுப்பில், அங்கேயே இருக்கும் உயர் நகரமயமான நகரமான புவெர்தோ பிரின்சேசா பங்கேற்கவில்லை. ஏன் என்று இப்போது சொல்லாமலே புரியும்.

பணமும் மன்றமும்

மத்திய வரியில் உள்ளாட்சிகளுக்கு 40 விழுக்காடு போகிறது, மூன்றாண்டுக்கு முந்தைய வசூலின் அடிப்படையில். அது மாகாணங்களுக்கு 23, நகரங்களுக்கு 23, முனிசிபாலிட்டிகளுக்கு 34, பரங்காய்களுக்கு 20 விழுக்காடு என்று பிரியும். இந்தப் பட்டியலில் தொகுதி இல்லவே இல்லை. "மூன்றாம் தொகுதியின் பட்ஜெட்" என்று எழுதினால் அப்படி ஒன்று கிடையாது. பிரதிநிதி சாலை போட்டுத் தந்தார் என்றால் அது மத்தியத் துறை ஒன்றின் நிதி. பொதுப்பணித் துறையின் பொறியியல் அலுவலகப் பெயர்களிலும் 'டிஸ்ட்ரிக்ட்' என்று வரும். அதுவும் மத்திய அலுவலகம்தான், ஆளுநருக்குக் கீழே அல்ல.

நிலவரியில் வித்தியாசம் இன்னும் தெளிவு. மிலாவோரில் இருக்கும் மனைக்கு மாகாணம் விதிக்கும் அடிப்படை வரியின் உச்சம் மதிப்பீட்டில் 1 விழுக்காடு. வசூலில் மாகாணத்துக்கு 35, முனிசிபாலிட்டிக்கு 40, பரங்காய்க்கு 25 பங்கு. நாகாவின் மனைக்கு நகரமே வரி போடும், உச்சம் 2 விழுக்காடு. நகரத்துக்கு 70, பரங்காய்களுக்கு 30, மாகாணத்துக்குப் பூஜ்யம். மிலாவோர் மன்றம் இயற்றும் விதி மூன்று நாளில் மாகாண மன்றத்தின் பார்வைக்குப் போக வேண்டும், முப்பது நாளில் மறுப்பு வராவிட்டால் செல்லும். நாகாவின் விதி அங்கே போகாது.

மாகாண மன்றத்துக்குத் தலைமை வகிப்பது ஆளுநர் அல்ல, துணை ஆளுநர். வாக்கு சமமாகப் பிரிந்தால் மட்டுமே அவருக்கு வாக்கு. பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானவர்கள் அதில் உறுப்பினர் அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோடு பரங்காய்த் தலைவர்கள், மன்ற உறுப்பினர்கள், இளைஞர் மன்றங்கள் ஆகிய மூன்று கூட்டமைப்புகளின் தலைவர்களும் பதவிவழி உறுப்பினர்கள். ஐந்துக்கு மேல் தொகுதி உள்ள மாகாணத்தில் தொகுதிக்கு இரண்டு இடம்; சிபூவின் 7 தொகுதிகளுக்கு 14. காமரினெஸ் சூருக்குத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 10, தொகுதிகள் சரியாக ஐந்து, ஆகவே இந்த விதி அதற்குப் பொருந்தாது. 10-ஐ ஐந்தால் வகுத்து நீங்களே இரண்டு இரண்டாகப் பங்கு வைக்காதீர்கள். மக்கள்தொகையைப் பார்த்து இடங்களை ஒதுக்குவது தேர்தல் ஆணையமான கோமெலெக்.

கடைசியாக ஒரு கூட்டல்

எழுதியதைச் சரிபார்க்க எளிய வழி கூட்டிப் பார்ப்பது. காமரினெஸ் சூரில் 35 முனிசிபாலிட்டி, 2 நகரம், ஆக 37. தொகுதிவாரியாக முதலாவதில் 5, இரண்டாவதில் 7, மூன்றாவதில் நாகாவோடு 8, நான்காவதில் 10, ஐந்தாவதில் இரிகா நகரத்தோடு 7. கூட்டினால் 37. ஆளுநருக்கு வாக்களிக்கும் ஊர்கள் 36. உங்கள் பட்டியலில் 38 வந்தால் கைன்சாவோ மிலாவோரோ இரண்டு இடத்தில் இருக்கக்கூடும், முதலில் அங்கே பாருங்கள். இரிகாவும் நாகாபோலத்தான் என்று விட்டுவிடாதீர்கள். அது சாதாரண உட்கூறு நகரம், அங்குள்ளவர்கள் ஆளுநருக்கு வாக்களிக்கிறார்கள். சிபூ மாகாணத்திலும் நாகா என்றே ஒரு நகரம் உண்டு, அதுவும் சாதாரண உட்கூறு நகரம். பெயரை வைத்துத் தேடினால் இரண்டும் கலந்துவிடும், புள்ளியியல் துறை ஒவ்வோர் ஊருக்கும் தந்திருக்கும் 10 இலக்கக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள்.