கயாலாமி ட்ராக்கில் இறங்குமுன் பெல்ட்டைப் பாருங்கள்

ரக்பியில் தலையில் அடி ஆட்டத்துக்கு ஆட்டம் விழும். டர்பன் க்ரேவில் பந்தயத்தில் குதிரையிலிருந்து விழும் ஜாக்கி உருண்டு தப்பப் பார்க்கலாம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கயாலாமி கார் பந்தய ட்ராக்கில், பெல்ட்டால் கட்டிப்போட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கே உருள்வது? சீசன் முழுக்க ஒரு கீறலும் இல்லாமல் போகும். அடிபடும் நாளில் எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

100 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதி 1 மீட்டருக்குள் கார் நின்றால், உடம்பு சராசரியாக 40 ஜி, அதாவது தன் எடையைப்போல் 40 மடங்கு விசை, தாங்க வேண்டும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரை கிலோ என்றால், அந்தக் கணத்தில் கழுத்தை இழுப்பது 260 கிலோ. 200 கிலோமீட்டரில் மோதலின் ஆற்றல் நாலு மடங்கு. ஜிம்மில் வளர்த்த கழுத்தெல்லாம் இதற்குக் காணாது. டர்பனிலிருந்து கயாலாமிக்கு 600 கிலோமீட்டர் ஓட்டிப் போகிற பையன்களே, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் டர்போவுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் பாதுகாப்புக்கும் ஒதுக்குங்கள்.

ஆறு முனை பெல்ட்டில் (இடுப்பு, தோள், கவட்டை என இரண்டிரண்டு பட்டைகள்) இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள். தொடை தொடங்கும் மடிப்பில், இடுப்பெலும்பின் மேல் அது உட்கார வேண்டும். பிரியாணித் தொப்பை இருந்தால் தூக்கிவிட்டு அடியில் விடுங்கள், வெட்கம் வேண்டாம். தோள் பட்டையை முதலில் இழுத்தால் பக்கிள் மேலேறும், இடுப்புப் பட்டை வயிற்றுக்கு வந்துவிடும். மோதும்போது அதுவே குடலை நசுக்கும். பக்கிள் மேலேறாமல் பிடித்துவைக்கத்தான் கவட்டைப் பட்டைகள்.

தோள் பட்டை சீட்டுக்குப் பின்னால் ரோல் கேஜின் (கார் உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) குறுக்குக் குழாய்க்குப் போகட்டும், சரிவு 20 டிகிரிக்குள். தரையில் போல்ட் போட்டு மாட்டுவார்கள் சிலர். மோதினால் அது முதுகெலும்பைக் கீழே அமுக்கும். லேபிளில் காலாவதி ஆண்டு இருக்கும். பலமாக ஒருமுறை மோதிய பெல்ட் நீண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மோதும்போது தலை முன்னே பாயாமல் ஹெல்மெட்டைப் பிடிக்கும் ஹான்ஸ் காலர், ஃபார்முலா ஒன்னில் 2003 முதல் கட்டாயம். தோள் பட்டைகள் அதன் மேலேதான் ஓட வேண்டும். பட்டை வழுக்கி விழுந்தால் காலர் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஹெல்மெட்டில் கார் பந்தயத் தரச்சான்றான ஸ்னெல் எஸ்ஏ2020 ஸ்டிக்கர் பாருங்கள். பைக் ஹெல்மெட்டை நெருப்புக்குச் சோதிப்பதில்லை. பந்தய உடைக்கு உள்ளே நைலான் பனியன் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும்.

தீயணைப்பான் 2 கிலோதானே என்று பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டாதீர்கள்; 40 ஜியில் அது 80 கிலோ. உலோகப் பட்டையோடு தரையில் போல்ட் போடுங்கள்.

1977 மார்ச் 5, இதே கயாலாமி. எதிர்ப்பக்கம் நின்றுபோன காரை நோக்கி, தீயணைப்பானோடு ட்ராக்கைக் கடந்த 19 வயது மார்ஷல் (ட்ராக் பாதுகாப்பு ஊழியர்) மீது ஃபார்முலா ஒன் டிரைவர் டாம் பிரைஸின் கார் மோதியது. பறந்த தீயணைப்பான் பிரைஸின் தலையில் பட்டது. இருவரும் இறந்தார்கள். உங்கள் கார் நின்றுபோனால், தீப்பிடிக்காதவரை பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருங்கள். இறங்கியே ஆகவேண்டுமென்றால் வேலிப் பக்கம் போங்கள். ட்ராக்கைக் கடக்கவே கூடாது.