8 சதவீத டிவிடெண்ட் என்றதும் பங்கு வாங்கிவிடாதீர்கள்: ஏடி அண்ட் டி தரும் பாடம்

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி, 35 ஆண்டுகளுக்கு மேல் டிவிடெண்டை (பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணத்தை) உயர்த்திக்கொண்டே வந்த கம்பெனி. ஓய்வுபெற்றவர்கள் பென்ஷன் மாதிரி நம்பி வைத்திருந்த பங்கு. 2022-ல் அதன் ஆண்டு டிவிடெண்ட் பங்குக்கு 2.08 டாலரிலிருந்து 1.11 டாலராக இறங்கியது. 100 பங்கு வைத்திருந்தவருக்கு 208 டாலர் வந்த இடத்தில் 111 டாலர். இது வரப்போகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பலர் செய்த பெரிய தவறு, டிவிடெண்ட் யீல்டை, அதாவது பங்கு விலையில் ஆண்டு டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பதை, வங்கி வட்டி போலப் படித்தது. 2021 கடைசியில் இந்தப் பங்கின் யீல்டு 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கம்பெனி ஒரு சென்ட் கூடக் கூட்டித் தரவில்லை. பங்கு விலை சரிந்ததால் சதவீதம் ஏறியது, அவ்வளவுதான். யீல்டு திடீரென்று பெருத்தால் முதலில் விலை ஏன் விழுகிறது என்று பாருங்கள்.

அப்புறம், 'வருடா வருடம் உயர்த்துகிறார்கள்' என்பதோடு திருப்திப்படுவது. எவ்வளவு உயர்த்தினார்கள்? காலாண்டுக்கு 2018-ல் 50 சென்ட், 2019-ல் 51, 2020-ல் 52. வருடத்துக்கு ஒரே ஒரு சென்ட். 2020 டிசம்பரில் அந்த ஒரு சென்ட்டும் வரவில்லை. என்னைக் கேட்டால், எச்சரிக்கை மணி அடித்தது அப்போதுதான்.

லாபக் கணக்கை மட்டும் பார்ப்பதும் குழப்பும். 2020-ல் இந்த நிறுவனம் 500 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. ஆனால் செலவும் மூலதனச் செலவும் போகக் கையில் நின்ற பணம் சுமார் 2,750 கோடி டாலர். டிவிடெண்டுக்குப் போனது ஏறத்தாழ 1,500 கோடி. தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் அலைக்கற்றை வாங்கும் பணம் இந்தக் கணக்கில் வராது. 2021 தொடக்கத்தில் 5ஜி அலைக்கற்றை ஏலத்துக்கு மட்டும் சுமார் 2,340 கோடி டாலர் போனது. டைரக்டிவி (செயற்கைக்கோள் டிவி), டைம் வார்னர் (சினிமா, டிவி) என்று கம்பெனிகளை வாங்கியதில் குவிந்த கடன் வேறு தலைக்கு மேல் இருந்தது. டெலிகாம் பங்கு என்றால் அலைக்கற்றையையும் கடனையும் சேர்த்தே பாருங்கள்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். 2021 மே மாதம், வார்னர்மீடியாவை (பழைய டைம் வார்னர்தான்) பிரித்து டிஸ்கவரி டிவி நிறுவனத்துடன் இணைக்கப் போவதாக அறிவித்தார்கள். அதே அறிவிப்பிலேயே இருந்தது: இணைப்புக்குப் பிறகு ஆண்டுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் பணம் மிஞ்சும் என்று எதிர்பார்க்கிறோம், அதில் 40 முதல் 43 சதவீதம் டிவிடெண்டாகப் போகும். 2,000 கோடியில் 40 சதவீதம் 800 கோடி. பங்குகள் ஏறத்தாழ 720 கோடி. வகுத்தால் 1.11 டாலர். 2022 பிப்ரவரியில் அறிவித்த தொகையும் அதேதான்! எட்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. தலைப்புச் செய்தியோடு நிறுத்தியவர்களுக்குத்தான் அது அதிர்ச்சி.

2022 ஏப்ரலில் பங்கு விலை ஒரே நாளில் இறங்கியதைப் பார்த்து நஷ்டம் என்று பதறியதும் தவறு. அந்த இணைப்பில் உருவான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் பங்கு, ஒவ்வொரு ஏடி அண்ட் டி பங்குக்கும் சுமார் 0.24 வீதம் தனியாகக் கணக்கில் வந்தது. அதுவும் அந்த வருடம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது, அது வேறு வலி. டிவிடெண்டுக்காகவே, அதைப் பெறுவதற்கான கடைசி நாளில் வாங்கி மறுநாள் விற்பதும் வேண்டாம். அந்தத் தொகை அளவுக்கு விலை பொதுவாக இறங்கியே தொடங்கும்.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் வரியை மறக்கக் கூடாது. அமெரிக்கர் அல்ல என்று தெரிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருந்தால் அமெரிக்காவில் 25 சதவீதம் பிடிப்பார்கள், இல்லையென்றால் 30. 111 டாலரில் கைக்கு வருவது சுமார் 83.

இன்னொன்று, பைபேக். 2024 டிசம்பரில், மூன்று ஆண்டுகளில் 4,000 கோடி டாலருக்கு மேல் பங்குதாரர்களுக்குத் தரப்போவதாகச் சொன்னார்கள். அதில் சுமார் பாதி, சந்தையில் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கு. அந்தப் பாதி உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. மாதச் செலவுக்கு டிவிடெண்டை நம்பியிருப்பவர்கள் காலாண்டுக்கு 27.75 சென்ட் என்றே கணக்கு வையுங்கள்.