பழைய டி அண்ட் டி பெட்டிக்கு விலை போடுவது எப்படி (ஏற்காட்டு ஈரத்தையும் சேர்த்து)

பழைய ரோல் பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாக விளையாடுவது) என்றாலே லட்சத்தில் போகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. முழுப் பொய் இல்லை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவாவிலிருந்து டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை (சுருக்கமாக டி அண்ட் டி), மர நரம்பு போட்ட தாள் ஒட்டிய பெட்டியில் ஆயிரம்தான் போட்டார்கள், அப்போது விலை 10 டாலர், இன்று பல ஆயிரம் டாலர். அது சேலத்தில் உங்கள் கைக்கு வரப்போவதில்லை, விடுங்கள். வருவதாக இருந்தால் 1983-ல் வந்த சிவப்புப் பெட்டி வரும், கெட்டி அட்டை போட்ட ஏ.டி அண்ட் டி (அட்வான்ஸ்டு டி அண்ட் டி, அதன் விரிவான வடிவம்) புத்தகம் ஒன்றிரண்டு வரும், பஃபின் போட்ட ஃபைட்டிங் ஃபேன்டஸி புத்தகங்கள் (தனியாளாகப் பகடை உருட்டி விளையாடும் கதைப் புத்தகங்கள்) வரும். இந்தக் கட்டுரை அவற்றுக்குத்தான்.

விலையைத் தீர்மானிப்பது முதலில் பெட்டிக்குள் எல்லாம் இருக்கிறதா என்பது, அப்புறம் எத்தனையாவது அச்சு, அப்புறம் நிலைமை. வயது அதற்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. சிவப்புப் பெட்டிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, ஆனால் ஏராளமாக விற்ற சரக்கு, இன்னும் ஏராளமாகச் சுற்றுகிறது. அதைவிட வயதில் சின்னதான 1994-ம் வருடத்து பிளேன்ஸ்கேப் பெட்டி (டி அண்ட் டி-க்கான ஒரு கதை உலகம்) முழுதாக இருந்தால் அதைவிட நல்ல விலை போகும்.

எங்கே தேடுவது? ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா கை மாறும்போதும், அங்கே போர்டிங்கில் படித்தவர்கள் பெற்றோர் வீட்டைக் காலி செய்யும்போதும் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து இவை வெளியே வரும். சிங்கப்பூர், லண்டன், அமெரிக்கா என்று எண்பதுகளில் போய் வந்த குடும்பங்கள் இன்னொரு வழி. வீட்டுக்காரருக்கு இது என்னவென்றே தெரியாததால் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும், அங்கேதான் பெரிய சேதம் நடக்கிறது. பெட்டி அட்டைக் கட்டுக்குப் போகும், புத்தகம் பேப்பர் மூட்டைக்குப் போகும், பகடை கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் போகும். அதனால் செவ்வாய்பேட்டைப் பக்கமோ அம்மாபேட்டைப் பக்கமோ எடைக் கடையில் ஒரு மாட்யூல் (விளையாடத் தயாராக எழுதிய சாகசக் கதைப் புத்தகம்) கண்ணில் பட்டால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு நகராதீர்கள். “அண்ணே, இது எந்த வீட்டுச் சரக்குங்க? கூட வந்த அட்டை ஏதாச்சும் கிடக்குதா?” என்று கேளுங்கள். அன்று வந்த மூட்டை அன்றே பிரிக்கப்பட்டிருக்காது, பாதி நேரம் மிச்சம் அங்கேயே இருக்கும். கேட்கும்போது முகத்தில் ஆசை தெரியக்கூடாது என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, பெட்டி கிடைத்துவிட்டது. காசு கொடுப்பதற்கு முன் ஒரு மேசையில் எல்லாவற்றையும் பரப்புங்கள்.

1977-ல் ஜான் எரிக் ஹோம்ஸ் தொகுத்த பேசிக் செட்டை, அதாவது புதிதாக ஆடுபவர்களுக்கான டி அண்ட் டி பெட்டியை, எடுத்துக்கொள்வோம். நீல நிற அட்டை விதிப் புத்தகம் ஒன்று இருக்க வேண்டும். தொடக்க அச்சுகளில் அதோடு குகை வரைபடத் துண்டுத் தாள்களும் அரக்கர்-புதையல் பட்டியலும் வரும், பிறகு அந்த இடத்தில் பி1 என்று எண் போட்ட மாட்யூல் வந்தது, அதற்கும் பிறகு பி2. எந்த அச்சுப் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று பொருந்த வேண்டும், யாரோ இரண்டு பெட்டியைக் கலந்து ஒன்றாக்கியிருந்தால் அது அங்கே தெரிந்துவிடும். பகடைகளை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். நாலு முகம் மஞ்சள், ஆறு முகம் ஆரஞ்சு, எட்டு முகம் பச்சை, பன்னிரண்டு முகம் நீலம். இருபது முகத்தில் 1 முதல் 20 வரை இருக்காது, 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருக்கும். பிளாஸ்டிக் அவ்வளவு மட்டம், விளையாடிய பகடையின் முனைகள் தேய்ந்து உருண்டையாகவே ஆகிவிடும். கூர்முனையோடு பளபளவென்று இருந்தால் ஒன்று அந்தக் குடும்பத்தில் யாரும் விளையாடவில்லை, இல்லையென்றால் பகடை பிற்பாடு வாங்கிப் போட்டது. பகடையே இல்லாமல் எண் அச்சடித்த சின்ன அட்டைச் சதுரங்கள் இருந்தால் குறை என்று நினைத்துவிடாதீர்கள், நடுவில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது டி.எஸ்.ஆர். அதைத்தான் போட்டு அனுப்பியது, வெட்டாத தாளாகவே இருந்தால் கூடுதல் சந்தோஷம். 1981, 1983-ல் வந்த பேசிக் பெட்டிகளில் ஒரு துண்டு கிரையானும் இருக்க வேண்டும், பகடையின் எண் பள்ளத்தில் மெழுகைத் தேய்த்து நிரப்பிக்கொள்வதற்காகக் கொடுத்தது. அந்தக் கிரையான் துண்டு இருப்பதற்கும் இல்லாததற்கும் விலையில் வித்தியாசம் பார்க்கிறவர்கள் உண்டு, சிரிக்காதீர்கள்.

மாட்யூல்களில் பார்க்க வேண்டியது வெளி அட்டை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வந்தவற்றில் வெளி அட்டை புத்தகத்தோடு தைத்திருக்காது, தனியாகக் கழன்று வரும், குகையின் வரைபடம் அந்த அட்டையின் உள்பக்கத்தில் நீல நிறத்தில் இருக்கும். அட்டை போனால் வரைபடமும் போயிற்று, வெறும் உள்புத்தகத்துக்கு யாரும் பெரிதாகக் கொடுக்க மாட்டார்கள்.

பி1-ஐத் திறந்ததும் பென்சில் எழுத்து இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு அறைக்கும் என்ன அரக்கன், என்ன புதையல் என்று நிரப்பச் சொல்லி வேண்டுமென்றே கோடு விட்டிருக்கிறார்கள். நிரப்பாத பிரதிக்குத்தான் விலை அதிகம், ஆனால் நிரப்பியதை ரப்பர் போட்டு அழிக்க உட்காராதீர்கள், தாள் மேல்பரப்பு உரிந்து இன்னும் கீழே போகும். எனக்கென்னவோ 1980-ல் யாரோ ஒரு பையன் மூன்றாவது அறையில் எட்டு கோப்ளின் என்று எழுதிவைத்திருப்பதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

அடுத்து அச்சு வரிசை. முதலில் காப்புரிமைப் பக்கம். பஃபின், பெங்குவின் புத்தகங்களில் மறு அச்சுகளை அங்கேயே வரிசையாகப் போட்டுவிடுவார்கள், 1982-ல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய முதல் ஃபைட்டிங் ஃபேன்டஸி புத்தகத்தில் அந்த வரிசை இல்லாமல் இருந்தால் நிதானமாகப் பாருங்கள். டி.எஸ்.ஆர். அவ்வளவு ஒழுங்கு இல்லை, அட்டையில் இருக்கும் நிறுவனச் சின்னத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பல்லி மனிதன் சின்னம் பழையது, மந்திரவாதி சின்னம் அதற்குப் பின்னால், வெறும் எழுத்துகளாக வரைந்தது அதற்கும் பின்னால். ஏ.டி அண்ட் டி-யின் மூன்று அடிப்படைப் புத்தகங்கள் 1977, 1978, 1979 என்று வந்தவை, 1983-ல் அட்டைப் படத்தையே மாற்றி முதுகை ஆரஞ்சாக்கினார்கள். ஆரஞ்சு முதுகு விளையாட நல்லது, விலைக்குப் பழைய அட்டை நல்லது.

சுலபமாகச் சோதிக்கக்கூடிய ஒன்று 1980-ன் டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ். பல நாட்டுக் கடவுள்களுக்கு விளையாட்டுக் கணக்கில் பலம் போட்ட புத்தகம் அது, இந்திரன், அக்னி, காளி, விஷ்ணு, கார்த்திகேயன் எல்லோரும் உண்டு, நம்ம முருகனுக்கும் அடி தாங்கும் புள்ளி இத்தனை என்று குறித்திருக்கிறார்கள். தொடக்கப் பிரதிகள் 144 பக்கம். அதில் இருந்த க்துல்ஹு பகுதியையும் (லவ்கிராஃப்ட் கதைகளிலிருந்து எடுத்தது) மெல்னிபோனே பகுதியையும் (மூர்காக் கதைகளிலிருந்து எடுத்தது) எடுத்துவிட்டுப் பிறகு 128 பக்கமாகப் போட்டார்கள். கடைசிப் பக்க எண்ணைப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் கணிசமாக இருக்கும், விற்கிறவருக்கு அது தெரியாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மறுபதிப்புகளிடம் உஷார். பழைய மாட்யூல்கள் சிலவற்றை 1999-ன் வெள்ளிவிழாப் பெட்டியில் அப்படியே நகல் எடுத்துப் போட்டார்கள், 2012-ல் ஏ.டி அண்ட் டி மூன்று புத்தகங்களும் புதுக் கட்டில் வந்தன, 2013-ல் 1974 புத்தகங்களே மரப்பெட்டியில் வந்தன. ஏமாற்றுவதற்காகச் செய்ததல்ல, ஆனால் ஒற்றைப் புத்தகமாகப் பிரிந்து வந்தால் படத்தில் வித்தியாசம் தெரியாது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சரக்கு என்றால் இன்னும் கவனம், யார் வேண்டுமானாலும் உறையைச் சூடு காட்டிப் புதிதாகப் போடலாம்.

இனி நிலைமை. நம் ஊரில் பாதி விலை இங்கேதான் கரைகிறது. சேர்வராயன் மலையில் மழை மாதங்களில் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்து உட்காரும், அங்கே இருபது வருடம் அலமாரியில் இருந்த மாட்யூலில் முதலில் கெடுவது தாள் அல்ல, ஸ்டேப்ளர் பின். நடுப்பக்கத்தைத் திறந்து பின் இருக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் மட்டும் கறுத்திருந்தால் பரவாயில்லை, அதைச் சுற்றித் தாளில் காவி வட்டம் பரவி, தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அந்த நடுத்தாள் சீக்கிரம் கழன்றுவிடும். அப்புறம் புத்தகத்தை மூக்கருகே வைத்து விரலால் பக்கங்களை ஓட்டுங்கள். மக்கிய வாடை வந்தால் பூஞ்சை எங்கோ உயிரோடு இருக்கிறது. பவுடர் போட்டோ ஊதுவத்தி காட்டியோ அந்த வாடையை மறைத்து விற்பவர்கள் உண்டு, வாசனை அதிகமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இராமபாணப் பூச்சி இன்னொரு தொல்லை. அதற்குத் தாளைவிட மாவுப் பசை பிடிக்கும், பெட்டியின் ஓரத்தில் ஒட்டிய தாளைச் சுரண்டித் தின்றிருந்தால் அதன் வேலைதான். மரவள்ளி விளையும் ஊரில் கிழிந்த பெட்டிக்கு வீட்டில் கிழங்கு மாவுப் பசை காய்ச்சி ஒட்டுவது சுலபம், பூச்சிக்கு அது விருந்து. ஒட்டாதீர்கள். செல்லோ டேப் அதைவிட மோசம். லேமினேஷன் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஆயுத பூஜைக்கு அட்டையில் சந்தனம் குங்குமம் வைத்த புத்தகத்தையும் சேகரிப்பாளர் கணக்கில் கறை என்றுதான் சேர்ப்பார்கள், சாமி கோபித்துக்கொள்ளாது, விலை குறையும்.

மலையிலிருந்து கீழே கொண்டுவந்த ஈரப் புத்தகத்தைச் சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் காயவைப்பது பலருக்குத் தோன்றும் முதல் யோசனை. அட்டை வில்லாக வளையும், தாள் மஞ்சளாகும். நிழலில், மின்விசிறி ஓடும் அறையில், நிறுத்திவைத்துப் பக்கங்களை லேசாக விரித்து மெதுவாகக் காயவிடுங்கள். பூச்சி இருப்பதாகத் தோன்றினால், காய்ந்த பிறகு ஜிப் பையில் காற்றை எடுத்து மூடி ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, வெளியே எடுத்ததும் திறக்காமல் பை அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள், அவசரப்பட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். அந்துருண்டை வேண்டாம், அந்த வாடை போகவே போகாது. பாலிபுரொப்பிலீன் உறை, சிலிக்கா ஜெல் பொட்டலம், சுவரை ஒட்டாத அலமாரி, இவ்வளவு போதும். பி.வி.சி. உறை நாளடைவில் அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும்.

நிலைமையில் தனியாகக் கவனிக்க வேண்டியது 1985-ன் அன்எர்த்ட் ஆர்க்கேனா. கட்டு சரியில்லாததற்குப் பேர் போன புத்தகம், பக்கம் பக்கமாகக் கழன்று வரும். சேலத்துச் சூடு அந்தப் பசைக்கு ஆகவே ஆகாது. உதிராத பிரதி கிடைத்தால் முழுதாக விரித்துப் பார்த்து நீங்களே உதிர்த்துவிடாதீர்கள்.

இப்போது விலை. ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் போடலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டு, அதே அச்சு, அதே அளவு முழுமை, கிட்டத்தட்ட அதே நிலைமை உள்ளவற்றை மட்டும் எடுத்து, ரொம்ப அதிகத்தையும் ரொம்பக் குறைவையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பிடியுங்கள். நோபிள் நைட் கேம்ஸ் மாதிரியான, பழைய கேம் விற்கும் அமெரிக்கக் கடைகளின் விலையில் கடையின் லாபமும் சேர்ந்திருக்கும், உங்களிடம் வாங்கும்போது அதில் பாதி கொடுத்தாலே பெரிது. பெட்டி முழுதாக இல்லையென்றால் முழு விலையிலிருந்து கழிக்காதீர்கள், இருக்கும் துண்டுகளைத் தனித்தனியாக விலை போட்டுக் கூட்டுங்கள், காலிப் பெட்டிக்கும் வெறும் பகடைக்கும்கூடத் தனி விற்பனை இருக்கிறது. படிக்க மட்டும் வேண்டுமென்றால் டிரைவ்த்ரு ஆர்பிஜி இணையதளத்தில் பழைய டி.எஸ்.ஆர். புத்தகங்கள் நிறைய பி.டி.எஃப்.-ஆகக் கிடைக்கின்றன, அதனால் நைந்துபோன சாதாரணப் பிரதிகளின் விலை பெரிதாக ஏறாது.

அந்த டாலர் விலையை அப்படியே ரூபாயாக்கி இங்கே விற்க முடியாது. இந்தியாவில் வாங்குகிறவர்கள் குறைவு, ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்து என்ன ஆகும் என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தால் அதே கணக்கை நீங்களும் போடுங்கள். அங்கிருந்து வரும் உறவினரிடம் கொடுத்துவிடச் சொல்வது மலிவு, ஆனால் பெட்டியைச் சட்டென்று சூட்கேஸில் திணித்தால் மூலைகள் வெடித்துவிடும். பகடையை மட்டும் எடுத்துத் தனிப் பையில் போட்டு, பெட்டிக்குள் இருக்கும் இடைவெளியைத் துணியால் நிரப்பி, சூட்கேஸ் நடுவில் துணிகளுக்கு இடையே படுக்கவைக்கச் சொல்லுங்கள். விற்கும் பக்கம் இருந்தால் முதுகு, நாலு மூலை, காப்புரிமைப் பக்கம், நடுப்பக்கத்துப் பின், பரப்பிவைத்த பகடை, இத்தனைக்கும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், வாங்குகிறவர் கேட்கும் கேள்வியில் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடும்.