கால் ஓடும், மூளைதான் நிறுத்தச் சொல்லும்

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ, காலில் தெம்பு இருந்தும் "போதும்" என்று தோன்றுகிறதா? மூளையில் கூடும் செரோடோனினும் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) இதற்குக் காரணமாகலாம் என்று 1987-இல் உயிர்வேதியியலாளர் எரிக் நியூஸ்ஹோம் குழுவினர் முன்வைத்தார்கள். நேரம் போகப்போக உடல் கொழுப்பை அதிகம் எரிக்கும், அப்போது ரத்தத்தில் ஏறும் கொழுப்பு அமிலங்கள் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை விடுவித்துவிடும், அது மூளைக்குள் போய் செரோடோனினாக மாறும். அதனால் களைத்த பிறகு அல்ல, முன்பிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரை உள்ள பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் (நீரிழிவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு). கொழுப்பு அமிலம் அவ்வளவு ஏறாது, தசைக்கும் எரிபொருள் கிடைக்கும். அப்புறம், பிசிஏஏ (கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்) பொடிக்குப் பணம் போட வேண்டாம். மூளைக்குள் நுழைய டிரிப்டோஃபேனோடு அது போட்டி போடும் என்பது சரி, ஆனால் ஆய்வுகளில் தாக்குப்பிடிக்கும் திறன் தெளிவாகக் கூடவில்லை.