சால்டர் ஒட்டாத செப்பு டேப்பும் அம்மாவின் புளியும்: முதல் கண்ணாடிப் பட்டம் செய்யும் முறை

'ஸ்டெயின்ட் கிளாஸ் கற்றுத்தருகிறோம்' என்ற விளம்பரத்தை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனேன். ஒரு கறுப்பு அவுட்லைனர் குழாயும் ஆறு வண்ணக் குப்பிகளும் கொடுத்தார்கள். கண்ணாடியின் மேல் கோடு போட்டு நடுவில் வண்ணத்தை நிரப்பினோம். அது கண்ணாடி ஓவியம். அழகான வேலைதான், ஆனால் நான் தேடிப் போனது அதுவல்ல. 1896-இல் இன்றைய வடிவில் எழுந்த சாந்தோம் பேராலயத்தின் சன்னல்களைப் பாருங்கள். வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி ஈயப் பட்டையால் கோத்திருப்பார்கள். முகம், துணி மடிப்பு போன்ற நுணுக்கங்களை மட்டும் வண்ணத்தால் தீட்டிச் சூளையில் சுட்டிருப்பார்கள். எனக்கு அந்த வெட்டுகிற, கோக்கிற வேலைதான் வேண்டியிருந்தது.

எட்டு மாதம் சென்னை திருவான்மியூர் வீட்டு பால்கனியில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். முறையின் பெயர் காப்பர் ஃபாயில். ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் செப்பு டேப் சுற்றி, துண்டுகளைச் சேர்த்து வைத்துச் சால்டர் செய்வது, அதாவது ஈயக் கம்பியை உருக்கிப் பற்றவைப்பது. சிறு துண்டுகளை வைத்து விளக்குக் கூடு செய்வதற்காக நியூயார்க்கில் டிஃபனி பட்டறை இதைப் பெரிய அளவில் கையாண்டது. அங்கே பெண்களின் கண்ணாடி வெட்டும் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கிளாரா டிரிஸ்கால். புகழ்பெற்ற பல விளக்குகள் அவர் வடிவமைத்தவை என்பது, அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. முதலாளி பெயர் விளக்கில் இருக்க, வெட்டியவர் பெயர் நூறாண்டு கழித்து வெளியே வந்தது.

எதைச் செய்யப் போகிறோம்

நான் முதலில் மாங்காய் வடிவம் செய்யப் போய், வால் பக்கத்து உள்வளைவில் ஏழு கண்ணாடி உடைத்தேன். உள்நோக்கிய வளைவைக் கண்ணாடி ஒரே வெட்டில் தராது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிள்ளி எடுக்க வேண்டும். அது ஆறாவது மாதப் பாடம். நீங்கள் தொங்கவிடுகிற பட்டம் ஒன்று செய்யுங்கள். நான்கு முக்கோணம், எல்லாம் நேர்க்கோடு. (கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூலுக்குத்தான் நகரில் தடை. முழுக் கண்ணாடியில் பட்டம் செய்ய இல்லை.)

அளவு: உயரம் 20 செ.மீ., அகலம் 16 செ.மீ. கண்ணாடிக் கடையில் 7×8 செ.மீ. செவ்வகம் ஒன்றும், 13×8 செ.மீ. செவ்வகம் ஒன்றும் வேறு வேறு நிறத்தில் வெட்டி வாங்குங்கள். ஒவ்வொன்றையும் மூலைவிட்டமாக வெட்டினால் மேலே இரண்டு, கீழே இரண்டு முக்கோணம் கிடைத்துவிடும். நீங்கள் வெட்ட வேண்டியது மொத்தம் இரண்டே கோடு.

வாங்க வேண்டியவை

கண்ணாடி 3 மி.மீ. தடிமன். பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் சன்னலுக்கு வெட்டியது போக மீந்த துண்டுகளை ஒரு மூலையில் போட்டிருப்பார்கள், கேளுங்கள். பழக்கத்துக்கு வெறும் கண்ணாடி பத்துத் துண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நீலமும் பச்சையும் எளிதில் கிடைக்கும். நல்ல சிவப்புக்கு மட்டும் அலைய வேண்டும். நீலத்துக்குக் கோபால்ட் துளி போதும். சிவப்புக்குச் செலினியமோ தங்கமோ சேர்க்க வேண்டியிருக்கிறது, விலையும் அதற்கேற்பத்தான்.

கண்ணாடி கீறும் கட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு சக்கரம் வைத்த மலிவான இரும்புக் கட்டரோடு நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். கார்பைடு சக்கரமும் எண்ணெய்க் குழாயும் உள்ள கட்டர் வாங்கிய அன்றே கை திருந்திவிட்டது. என்னிடம் இருப்பது டோயோ. உள்ளே ஊற்றத் தையல் இயந்திர எண்ணெய் போதும். கூடவே ரன்னிங் பிளையர் என்ற வளைந்த தாடைக் குறடு ஒன்று. சாணை இயந்திரம் இப்போது வேண்டாம், தண்ணீரில் நனைத்த உப்புத்தாளே விளிம்பைத் தேய்த்துவிடும். உலர்ந்து தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சால்டரிங் சாமானுக்கு ரிச்சி தெருவுக்குப் போவீர்கள். நானும் போனேன், தப்பாக வாங்கி வந்தேன். வானொலி, செல்போன் பழுதுபார்க்கிற கம்பிக்குள் ரெசின் இருக்கும். கண்ணாடி வேலையில் அது தெறிக்கும், பழுப்புப் பிசினாக ஒட்டும். உள்ளே எதுவும் இல்லாத, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கொண்ட கெட்டிக் கம்பி என்று கேளுங்கள். கம்பியை உருக்கும் சால்டரிங் அயர்னும் அப்படியே. 25 வாட் பேனா அயர்ன் செப்பு டேப்பின் மேல் வைத்ததும் குளிர்ந்துபோகும். 60 வாட்டுக்கு மேல், உளி போன்ற தட்டை முனை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திருகு, இவை மூன்றும் இருக்க வேண்டும். ஃபிளக்ஸ் துத்தநாகக் குளோரைடு கரைசலாக இருக்கட்டும். தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர் நவச்சாரம் போட்டுத் தேய்ப்பாரே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. உலோகத்தின் மேல் படிந்ததைத் தின்றுவிட்டு, ஈயம் பிடிக்க வழி விடுகிறது.

செப்பு டேப்பின் அகலம் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். 5.5 மி.மீ. டேப்பை 3 மி.மீ. கண்ணாடியில் நடுவாக ஒட்டினால் இரண்டு பக்கமும் 1.25 மி.மீ. மடியும். அதற்குக் குறைந்தால் பிடிப்பு இல்லை, மிகுந்தால் கோடு தடித்து அசிங்கமாக இருக்கும்.

கீறுவது

எல்லோரும் 'வெட்டுவது' என்கிறோம். உண்மையில் கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லை. மேலே ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறல் வழியாக விரிசல் ஓட வைக்கிறோம். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைக்கும்போது கீறல் வாய் திறக்கிறது, அவ்வளவுதான். இது புரியாமல் நான் கட்டரைக் கத்தி போல அழுத்திக்கொண்டிருந்தேன்.

பாரிமுனைக் கடைக்காரர் ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, "சார், தேங்காய்க்குப் பத்தை போடுகிறீர்களா?" என்று கேட்டார். ஒரு துண்டை எடுத்து ஒரே இழுப்பு. 'ஸ்ஸ்ஸ்' என்று தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீரான ஓசை. "கோட்டைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் விட்ட இடத்தில்தான் உடைவு வழி மாறும்" என்றார். வீட்டுக்கு வந்து மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.

கண்ணாடியைக் கழுவித் துடைத்து, கீழே நான்கு மடிப்புச் செய்தித்தாள் விரித்து, நின்றுகொண்டு கீறுங்கள். ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை நிற்காமல் போக வேண்டும். சரியான கீறல் மயிரிழை போல இருக்கும், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அழுத்தம் அதிகம். திருப்தி இல்லை என்று அதே கோட்டில் மறுபடியும் ஓட்டாதீர்கள். சக்கரமும் பாழ், உடைவும் இரண்டாகப் பிரியும்.

கீறியதும் ஆறப்போடாமல் உடைத்துவிடுங்கள். ரன்னிங் பிளையரின் மேல்தாடையில் ஒரு கோடு இருக்கும். அதைக் கீறலின் முனையோடு பொருத்தி, மெல்ல அழுத்தினால் 'டக்' என்று ஓடிவிடும். குறடு இல்லையா? கீறலுக்கு நேர் கீழே ஒரு தீக்குச்சியை வைத்து இரண்டு பக்கமும் பெருவிரலால் அழுத்துங்கள். கூர்முனைகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உதிரும், கவலை வேண்டாம், டேப்பும் சால்டரும் மூடிவிடும்.

கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு கட்டாயம். அம்மா வடாம் காயப்போடுகிற பால்கனியில் இதைச் செய்துவிட்டு நான் வாங்கிய திட்டு தனிப் பதிவுக்குக் காணும்.

டேப் ஒட்டுவது, என் பெரிய சறுக்கல்

தேய்த்த துண்டுகளைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்தி, டேப்பை விளிம்பின் நடுவில் சுற்றுங்கள். முடியும் இடத்தில் அரை சென்டிமீட்டர் மேலேறட்டும். பக்கங்களை மடித்து, ஐஸ்கிரீம் மரக்கரண்டியால் அழுத்தித் தேயுங்கள்.

நான் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு துண்டுக்கும் அழகாக டேப் ஒட்டி, பால்கனி மேசையிலேயே வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அயர்னைச் சூடேற்றி உட்கார்ந்தால், சால்டர் சேம்பிலைத் தண்ணீராக உருண்டு ஓடுகிறது. எங்கும் பிடிக்கவில்லை. அயர்ன் மேல் சந்தேகப்பட்டேன். முனையை மாற்றினேன். கம்பி போலியோ என்று வேறு கடையில் புதுச் சுருள் வாங்கினேன். ஃபிளக்ஸை இரண்டு மடங்கு ஊற்றி வீடெல்லாம் புகை. மூன்று வாரம் போனது.

காபி கொடுக்க வந்த அம்மா மேசையை எட்டிப் பார்த்தார். "செம்பு இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே, இதில் எப்படி ஈயம் பிடிக்கும்? குத்துவிளக்கு கறுத்தால் கடைக்கா ஓடுகிறோம்?" என்றார்.

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். வாங்கும்போது புதுப் பைசா போலிருந்த டேப் பழுப்பேறியிருந்தது, விளிம்புகளில் கருஞ்சிவப்பு. கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. அந்த உப்புக்காற்றில் ஒரு வாரம் செம்பைத் திறந்து வைத்தால் வேறென்ன ஆகும்? கெட்டியான புளிக்கரைசலில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு டேப்பின் மேல் மட்டும் தேய்த்தேன். அரை நிமிடத்தில் இளஞ்சிவப்பு திரும்பியது. ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, ஃபிளக்ஸ் தடவி அயர்னை வைத்தேன். சால்டர் பரவி ஓடியது. புளியை நிறைய ஊற்றினால் டேப்பின் பசை விட்டுப்போகும், எனவே தொட்டுத் தொட்டுத்தான்.

ஆகவே, டேப் ஒட்டிய அன்றே சால்டர் செய்யுங்கள். முடியாவிட்டால் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள், டேப் சுருளையும் அப்படியே.

சால்டர்

துண்டுகளை மரப்பலகையில் பட்டமாக அடுக்கி, சுற்றிலும் குண்டூசி குத்தி நகராமல் நிறுத்துங்கள். ஃபிளக்ஸைத் தூரிகையால் தடவி, சேரும் இடங்களில் முதலில் ஒவ்வொரு சொட்டு. நடுச் சந்திப்பு, பிறகு நான்கு முனை. அதன்பின் கோடு முழுக்க. அயர்ன் 370 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருந்தால் எனக்குச் சரிவருகிறது. ஒரே இடத்தில் நின்றுவிடாதீர்கள், கண்ணாடி சூட்டில் விரிசல் விடும். கோடு தட்டையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கம்பி காட்டுங்கள். வழவழவென்று அரைவட்டமாக எழும்பி நின்றால் நிறுத்திவிடுங்கள். ஆறிய பிறகு திருப்பி மறுபக்கம், கடைசியாக வெளி விளிம்பு.

தொங்கவிடும் கொக்கியை வெறும் விளிம்பு டேப்பில் ஒட்டாதீர்கள், எடை தாங்காமல் உரிந்துவரும். உச்சியில் இரண்டு துண்டும் சேர்கிற கோட்டின் மேலேயே பதியுங்கள்.

நம் வீட்டு ரச ஈயச்சொம்பு வெள்ளீயம். இது காரீயம் கலந்தது, நஞ்சு. சமையலறையில் வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்ன வேண்டாம்.

முடித்ததும் சோப்பும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவுங்கள். ஃபிளக்ஸ் மிச்சம் இருந்தால் சென்னை ஈரத்தில் ஒரே வாரத்தில் வெள்ளை பூத்துவிடும். வெள்ளிக் கோடு பிடிக்காதவர்கள் மயில்துத்தக் கரைசல் தடவிச் செம்பு நிறமாக்கலாம். கையுறையோடு செய்யுங்கள், அதுவும் நஞ்சுதான். எனக்கு வெள்ளிதான் பிடிக்கும்.

பின்சேர்க்கை 1

ஒரு வாசகி, கீறியதெல்லாம் சரியாக இருந்தும் கண்ணாடி கற்கண்டாக உதிர்ந்தது என்று எழுதியிருந்தார். கேட்டால், பழைய குளியலறைக் கதவாம். அது டஃபண்ட், அதாவது கடினமாக்கிய கண்ணாடி. அதை வெட்டவே முடியாது. பெரும்பாலும் ஒரு மூலையில் சிறிய முத்திரை இருக்கும், பார்த்து ஒதுக்கிவிடுங்கள். கார் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான்.

பின்சேர்க்கை 2

சூளையில் உருக்கிச் சேர்க்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது வேறு கலை. சூடேறும்போது விரியும் அளவு ஒத்துப்போகிற கண்ணாடிகளைத்தான் சேர்த்து உருக்க முடியும். அதற்கென்று விற்கும் கண்ணாடியில் 90, 96 என்று எண் போட்டிருப்பதே அதற்காக. சன்னல் கண்ணாடியோடு வளையல் துண்டைச் சேர்த்து உருக்கினால், ஆறும்போது பிளந்துகொள்ளும் என்றே எதிர்பாருங்கள். தீச்சுடரில் கண்ணாடியை இழுத்து மணி செய்யும் ஆசை இருந்தால், முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைப் போய்ப் பாருங்கள். கடுகளவு மணிக்கு நடுவில் துளை. கண்ணாடியைக் குழாயாக இழுத்து, நறுக்கிச் செய்தவை.

பின்சேர்க்கை 3

அளவுப்படி வெட்டியும் மேல் துண்டு இரண்டும் பொருந்தவில்லை என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். தவறு என்னுடையது, சொல்ல விட்டுவிட்டேன். மூலைவிட்டமாக வெட்டிய இரண்டில் ஒன்றைப் புரட்டிப் போட்டால்தான் இடமும் வலமுமாக அமையும். வழவழப்பான கண்ணாடிக்கு அதில் சிக்கல் இல்லை. ஒரு பக்கம் பூ டிசைன் உள்ள கண்ணாடி என்றால் ஒரு துண்டில் டிசைன் முன்னும் மற்றதில் பின்னும் வரும். உறுத்தினால் இரண்டு செவ்வகம் வாங்கி, எதிரெதிர் மூலைவிட்டத்தில் வெட்டுங்கள். கீறுவது எப்போதும் வழவழப்பான பக்கத்தில்.