ஆர்மீனியர்கள் பழிவாங்கிய கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து வரலாறு பேசுகிறவரா நீங்கள்? ஒருநாள் இந்தக் கதையை எடுங்கள். துப்பாக்கியில் மட்டும் தொடங்காதீர்கள், பையன்கள் அதைச் சினிமாவாக்கிவிடுவார்கள்.

1915-இல் தொடங்குங்கள். ஏப்ரல் 24 அன்று ஒட்டோமான் துருக்கி அரசின் ஆட்கள் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனிய எழுத்தாளர்களையும் தலைவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஊர் ஊராக ஜனங்களைக் கிளப்பி, சிரியப் பாலைவனம் பக்கம் நடக்கவிட்டே சாகடித்தார்கள். இதை நடத்திய உள்துறை அமைச்சர் தலாத் பாஷா. 1919-இல் ஒட்டோமான் ராணுவ நீதிமன்றமே அவருக்கு மரண தண்டனை விதித்தது, ஆனால் ஆள் முந்தின வருஷமே ஜெர்மனிக்குத் தப்பியிருந்தார். இந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். தீர்ப்பு இருக்கிறது, நிறைவேற்ற யாரும் இல்லை. தாஷ்னாக் என்ற ஆர்மீனியக் கட்சிக்காரர்களின் நெமசிஸ் திட்டம், அதாவது குற்றவாளிகளைத் தேடிக் கொல்லும் ரகசியத் திட்டம், அங்கேதான் பிறந்தது.

1921 மார்ச் 15, பெர்லின் ஹார்டன்பெர்க் தெரு. பட்டப்பகலில் சொகோமோன் தெஹ்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர் தலாத்தைச் சுட்டுக் கொன்றார். தப்பி ஓடாமல் பிடிபட்டு நீதிமன்றத்துக்குப் போ என்பதே அவருக்கு வந்த கட்டளை. கொலையைவிட விசாரணைதான் அவர்களுக்கு முக்கியம், ஏனென்றால் நடந்த கொடுமையை உலகம் கேட்கவேண்டும். ஜூனில் இரண்டே நாள் விசாரணை, ஜூரிகள் ஒரு மணி நேரம்போல பேசி விடுதலை செய்தார்கள்.

இதை நாடகமாகவே நடத்துங்கள். பன்னிரண்டு பிள்ளைகளை ஜூரிகளாக உட்காரவையுங்கள், ஒருவர், இந்த வழக்கில் படுகொலையைப் பற்றிச் சாட்சி சொன்ன ஜெர்மானியர் லெப்சியுஸ் பாதிரியாராகச் சாட்சி சொல்லட்டும். அவர்கள் தீர்ப்புச் சொன்ன பிறகு இதைச் சொல்லுங்கள்: தாயும் சகோதரனும் கண்ணெதிரே கொல்லப்பட்டதாக தெஹ்லிரியன் சொன்னார், உண்மையில் அப்போது அவர் அங்கே இல்லை. குடும்பம் அழிந்தது நிஜம், பார்த்தது நிஜமில்லை. தீர்ப்பை மாற்றுவீர்களா என்று கேளுங்கள். சண்டை வரும், வரட்டும், நீங்கள் பக்கம் சேராதீர்கள்.

ரோமில் சையத் ஹலீம், திஃப்லிஸில் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலிசி) ஜெமால் என்று கொல்லப்பட்ட மற்ற ஒட்டோமான் தலைவர்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆனால் போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கினை விடாதீர்கள்: இந்த வழக்கு அந்த இளைஞரை உலுக்கியது, 1948-இல் ஐ.நா. இனப்படுகொலை ஒப்பந்தம் வரக் கடைசிவரை உழைத்தவர் அவர்தான்.

கடைசியில் நம் பக்கம் வாருங்கள். 1943-இல் ஜப்பான்காரன் நம் தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோன தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இரண்டும் ஒன்றென்று சொல்லாதீர்கள், அது ஆர்மீனியர்களுக்கும் நியாயமில்லை, நம் ஆட்களுக்கும் நியாயமில்லை. ஆனால் "சயாமுக்குப் போனவர்" என்று வீட்டில் யாரைப் பற்றியாவது பேச்சு இருந்தால், அவர் பேர், எந்தத் தோட்டம், எந்த லயம், கூடப் போனவர் யார் என்று பாட்டியிடம் கேட்டு அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.